தங்கச்சிக் கோடு

டர்போ வண்டிக்குக் குளிர்ந்த காற்று பிடிக்கும். சூடான காற்றைக் கொடுத்தால் மூச்சு வாங்கும். குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் மிதித்த மாத்திரத்தில் சீறும். பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் வேலையை ஆரம்பிப்பேன். நீங்களும் பொறுமையாகக் கேட்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கம்பெனியில் வண்டி காற்றை இழுக்கும் வாயை மேலே, முகப்பு விளக்குக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அங்கே எஞ்சின் சூடு அதிகம். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு நீளக் குழாய் ஒன்றைப் போட்டு, ஃபில்டரைக் கீழே, முன் பம்பரின் மூலைக்குள் கொண்டுபோய் வைத்தால் வெளிக்காற்று நேராக உள்ளே போகும். டர்போவின் விசில் சத்தமும் நன்றாகக் கேட்கும். பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்காகவே வருகிறார்கள். குறை ஒன்றுதான். வாய் கீழே இருப்பதால், தேங்கிய தண்ணீரில் இறக்கினால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்துவிடும். எஞ்சினால் காற்றை அமுக்க முடியும், தண்ணீரை முடியாது. உள்ளே இரும்பு வளைந்து அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அப்படி ஒரு வண்டி இழுவை லாரியில் திரும்பி வந்தபோதுதான் என் தங்கை அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தாள். அப்போது பட்டறையின் முன்மேசை அவளுடையது. "வாயால சொன்னா மறந்துடுவாங்கண்ணா, கண்ணுல படணும்" என்றாள். வெள்ளை பெயின்ட்டை எடுத்து, பம்பர் மூலையில், உள்ளே ஃபில்டர் இருக்கும் உயரத்துக்குச் சரியாக ஒரு கோடு போட்டாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். வண்டிக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குனிந்து உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர் இதற்கு மேல் வந்தால் இறக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அவள் சாவியைக் கொடுப்பாள். தொப்பைக்காரர்கள் முனகிக்கொண்டே உட்காருவார்கள். வாடிக்கையாளர்கள் அதற்குத் தங்கச்சிக் கோடு என்று பெயர் வைத்தார்கள்.

அப்பா அம்மா போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். அவளுக்குத் தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தோன்றவில்லை என்பதுதான் சரி. மாலையில் ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்து வருவோம். அதிகம் பேச மாட்டோம். அந்தப் பேசாமை எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை நல்லவர். இதை எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. கார் என்றால் மட்டும் குழந்தை மாதிரி. பட்டறையில் அவர் வண்டிக்கும் அந்தக் குழாயைப் போட்டு முடித்து, அவர் எடுத்துக்கொண்டு போன அன்று இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். "மச்சான், உங்க தங்கச்சி குறட்டைக்கு இந்த டர்போ விசில் எவ்வளவோ தேவலை" என்றார். "அப்ப கார்லயே படுத்துக்கோங்க" என்றாள் அவள். மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் அவருக்கு வெகு தொலைவில் இருக்கும் ஊரில் வேலை கிடைத்த செய்தி வந்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் கிளம்புகிறோம் என்று அவள்தான் சொன்னாள். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. நான் நல்ல விஷயம் என்றேன். மறுநாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ரொம்ப நாளாகக் கேட்கிறீர்களே, வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றேன்.

வேலை சுத்தமாக இருந்தது. நீங்கள் யாரை வைத்துப் பார்த்தாலும் அதைச் சொல்வார்கள். குழாயில் ஒரு கசிவு கிடையாது. சாவியை வாங்கும்போது அவர் பம்பரைப் பார்த்து, "எல்லா வண்டிக்கும் வெள்ளையா ஒரு கோடு இருக்குமே, எனக்கு இல்லையா மச்சான்?" என்று கேட்டார். அதைப் பட்டறையின் முத்திரை என்று நினைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு தங்கை பட்டறைக்கு வருவதில்லை; வீட்டில் தொழில் பேச்சும் கிடையாது.

"அதெல்லாம் வெளியாளுக்கு மாப்ள. நீங்க நம்ம வீட்டு ஆளு" என்றேன்.

அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. என் தோளைத் தட்டினார்.

அவர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. அடியில் சாலை பள்ளமாக இறங்கி ஏறும். கனமழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். பழைய அமைப்பில் பலமுறை அதைக் கடந்து வந்து என்னிடம் பெருமையடித்திருக்கிறார். எனக்கு அந்தப் பாலம் தெரியும். மழை வரும் என்பதும் தெரியும். மழை எல்லோருக்கும்தான் பெய்கிறது.

கனமழை பெய்த அன்று சாயங்காலம் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்தார்.

"மச்சான், தண்ணி கொஞ்சம் நிக்குது. சுத்திப் போகட்டுமா?"

"எப்பவும் போறதுதானே மாப்ள. நடுவுல நிறுத்தாம ஒரே சீரா போங்க."

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தண்ணீரில் இறக்கினால் சீராகத்தான் போக வேண்டும். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வான்.

சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். குரலில் பயம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "நின்னுடுச்சு மச்சான். ஸ்டார்ட் ஆகல. தண்ணி உள்ள வருது. இறங்கிடவா?"

"இறங்காதீங்க. கதவைத் திறந்தா ஒயரிங் மொத்தமும் போயிடும். உள்ளயே இருங்க, நான் வர்றேன்."

"சரி மச்சான். சீக்கிரம் வாங்க."

காரை அவ்வளவு நேசிக்காதவராக இருந்தால் இறங்கியிருப்பார். நான் கையிலிருந்த வேலையை முடித்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நகக்கண்ணில் கிரீஸ் நின்றுவிடும், அதனால் எப்போதுமே எனக்கு நேரமாகும். பிறகு சுற்று வழியாகப் போனேன். குறுக்கு வழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது.

நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்தடியில் காரின் கூரை மட்டும் தெரிந்தது. கரையில் நாலைந்து பேர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

காரை வெளியே இழுத்துப் போட்டபோது தங்கை வந்தாள். அழவில்லை. அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள், எங்கள் வாடிக்கையாளர்களை உட்கார வைப்பாளே, அதே மாதிரி. பம்பர் மூலையில் ஒட்டியிருந்த சேற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அண்ணா, கோடு எங்க?"

எங்கள் இருவருக்கும் பேசாமல் இருப்பது பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. எழுந்து, என்னைத் தாண்டி, காக்கியில் உங்கள் ஆட்கள் நின்ற பக்கம் நடந்தாள்.

கோடு ஏன் போடவில்லை என்று நீங்கள் முதலில் கேட்டபோது, டப்பாவில் பெயின்ட் காய்ந்து போயிருந்தது என்று சொன்னேன். அது உண்மையில்லை. பெயின்ட் நன்றாகவே இருந்தது. மாப்பிள்ளையின் வண்டியை முடித்த அதே வாரம்தான், எங்கள் வீட்டில் அவளுடைய பழைய அறையின் ஜன்னலுக்கும் கதவுக்கும் அதை எடுத்து அடித்தேன். மழை தொடங்குவதற்கு முன்னால் காய்ந்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். கட்டிலுக்குப் புது மெத்தை போட்டேன். காற்றாடியில் சத்தம் வந்தால் அவளுக்குத் தூக்கம் வராது, அதையும் சரிசெய்தேன்.

இப்போது அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். கோபம் இருக்கத்தான் செய்யும், தணிந்துவிடும். என்னிடமிருந்து நீங்கள் வாங்கி வைத்த பொருட்களில் வீட்டுச் சாவி இருக்கிறது. வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வருவாள். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.