பாலக்கரை ஹபீபுல்லா வீட்டில் அணைக்கப்படாத இன்டர்நெட் பெட்டி குறித்து

என் பெயர் அழகிரி, வயது ஐம்பத்தெட்டு, தகப்பனார் பெயர் முத்துக்கருப்பன். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் குடியிருக்கிறேன். கேபிள் வழியாக வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கண்காணிப்பு அறைக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். கொள்ளிடத்துக்கும் பாலக்கரைக்கும் நடுவே நாலு லட்சம் வீடுகளின் நாடித்துடிப்பு என் சுவரில் ஓடுகிறது என்று முதலில் சொன்னேன். உதவி ஆய்வாளர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததால், நாலாயிரம் என்று திருத்திச் சொல்கிறேன்.

இறந்துபோன ஹபீபுல்லா துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர். பாலக்கரையில் தனியாகக் குடியிருந்தார். நாங்கள் மச்சான், மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்பவர்கள். அவர் வீட்டு இன்டர்நெட் பெட்டியை என் கையால் மாட்டினேன். எங்கள் சர்வர் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் விடாமல் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெட்டி பதில் சொன்னால் திரையில் பச்சைக் கோடு, சொல்லாவிட்டால் சிவப்பு. ஹபீபுல்லா இஷா தொழுதுவிட்டுப் படுக்கப் போகும்போது பெட்டியை அணைத்துவிடுவார், ஃபஜ்ர் தொழுதுவிட்டு மறுபடி போடுவார். அது கண்சிமிட்டிக்கொண்டிருந்தால் தூக்கம் வரவில்லை என்பார். ஆகவே அவர் வீட்டுக் கோடு ஓடும் படத்தில் தினமும் இரவு நேரத்துக்கு, சீப்பின் பல் மாதிரி, ஒரு சிவப்புப் பல் விழும். காலையில் நான் அறைக்குள் நுழைந்ததும், இரவில் சிவந்த வீடுகளின் எச்சரிக்கைப் பட்டியலில் அவர் வீடு நிற்கும். உடனே போன் செய்வேன்.

"மச்சான், உங்க வீடு ராத்திரி பூரா என் திரையில செத்துக் கிடந்துச்சுங்க."

"இன்னும் மௌத் ஆகல மாப்ளே. டீ கொதிக்குது, போனை வைங்க."

தினமும் இதே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, அன்று மட்டும் பேச மாட்டோம்.

அதன் பிறகு, போன மாதம் கம்பெனி கண்காணிக்கும் முறையை மாற்றச் சொன்னது. இனி சர்வர் கூப்பிடாது, பெட்டியே தன் நிலையைத் தானாக அனுப்பும். எங்கள் எஞ்சினியர் ஜெஸ்லினிடம், பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு வீடுகளைப் புதிதாகச் சேர்த்துவிடும்படி நான் சொன்னேன். அதுதான் சுலபம்.

"அழிச்சிட்டுச் சேர்த்தா மூணு வருஷப் படமும் சேர்ந்து போயிடும் சார். பதிவு அதே இருக்கட்டும், முறையை மட்டும் மாத்துறேன். பழைய கோட்டுலேயே புதுக் கோடு தொடரும்" என்றார்.

"சரி, ஹபீப் பாய் படத்தையாவது அழிச்சிரும்மா. ஆயிரம் யானைக்குத் தலை சீவுன சீப்பு மாதிரி இருக்கு."

அதற்கும் ஜெஸ்லின் ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கிற படங்களிலேயே அதுதான் தனக்குப் பிடித்தது என்றார்.

அதன் பிறகு, சனிக்கிழமை காலை ஹபீபுல்லாவிடம் போனில், நாளை பாலக்கரைப் பெட்டிகளைப் புது முறைக்கு மாற்றுகிறோம், அதன் பிறகாவது எனக்காக அணைக்காமல் இருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "பாப்போம், பாப்போம்" என்றார். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஞாயிறு மதியம் ஜெஸ்லின் முறையை மாற்றினார். திங்கட்கிழமை காலை பட்டியலில் அவர் வீடு இல்லை. படம் முழுவதும் பச்சை. மச்சான் எனக்காக அணைக்காமல் விட்டார் என்று நினைத்தேன். நம் புதிய முறை மூன்று வருட நோயை ஒரே இரவில் குணப்படுத்தியது என்று அறையில் எழுந்து நின்று அறிவித்து, எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு போன் பண்ணி நன்றி சொல்லுங்கள் என்றார் ஜெஸ்லின். "சிவப்பு வந்தாத்தாம்மா போன்" என்று சொன்னேன். செவ்வாயும் பச்சை.

புதன்கிழமை பக்கத்து வீட்டார் கதவை உடைத்தார்கள். குளியலறை வாசலில் கிடந்தார். அதன் பிறகு அடக்கத்துக்குப் போனேன், சந்தூக்குப் பெட்டிக்குக் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். திரும்பும்போது யாருடைய செருப்பையோ மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு, ஹபீபுல்லாவின் அக்கா மகள் மஹ்ஜபீன் மேல் அவருடைய அண்ணன் மகன் அப்துல் ஹலீம் புகார் கொடுத்ததாக அறிந்தேன். மஹ்ஜபீன் சனிக்கிழமை மாலை வந்து, அரியமங்கலத்தில் தன் வீட்டோடு வந்து இருக்கும்படி அவரிடம் சண்டை போட்டிருக்கிறார். "இங்கேயே தனியாக் கிடந்து சாவுங்க மாமா" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கிறது. அன்று இரவே மஹ்ஜபீன் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார். மாமாவைக் கீழே தள்ளிவிட்டு ஓடிவிட்டார் என்பது புகார்.

இது சம்பந்தமாக அந்த வீட்டுப் பெட்டியின் மூன்று வருடப் படத்தை ஒப்படைத்திருக்கிறேன். இஷாவும் ஃபஜ்ரும் வருடம் முழுக்க நகர்வது போலவே சிவப்புப் பல்லும் நகர்கிறது. நோன்பு மாதங்களில் விடியுமுன் சஹர் சாப்பிட எழுவதால் பல் சிறுத்துவிடுகிறது. கரண்ட் போனால் தெருவே சிவக்கும், இது அப்படியில்லை. இது அவர் கை. சனிக்கிழமை இரவும் அந்தப் பல் இருக்கிறது, ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு பச்சை வருகிறது. அப்போது மஹ்ஜபீன் சென்னையில் இறங்கியிருக்கிறார், பஸ் டிக்கெட் தங்களிடம் உள்ளது. ஹபீபுல்லா எழுந்து, தொழுது, பெட்டியைப் போட்டிருக்கிறார். ஞாயிறு இரவுதான் பல் இல்லை, அணைக்க அவர் எழுந்து வரவில்லை. நான் சொன்னபடி ஜெஸ்லின் அழித்திருந்தால் அவர் படம் ஞாயிறு மதியத்தில்தான் தொடங்கியிருக்கும், அந்தப் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல எதுவும் இருந்திருக்காது.

திங்கட்கிழமை பகல் வரை அவருக்கு உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதாக உதவி ஆய்வாளர் அம்மா தெரிவித்தார். மைசூர்பாகு வாங்கியது காலையில்.

வீடு பூட்டியிருக்கிறது. உள்ளே பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவை எடுத்துவிடலாமா என்று ஜெஸ்லின் கேட்டார், வேண்டாம் என்றேன். இன்று காலையும் பச்சை.

மேலே கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ஒன்றை நூறாக்கிச் சொல்பவன் அழகிரி என்று ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீடுகளின் கணக்கைத் திருத்தியாயிற்று. அந்த ஆயிரம் யானைகளையும் வேண்டுமானால் கோடு போட்டு அடித்துவிடலாம். மற்றதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை.

(ஒப்பம்) மு. அழகிரி