பஸ்ஸில் வந்த போன்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுப்பவர்கள்.

“நம்ம வெப்சைட் படத்துல பனி கொட்டிக்கினு இருந்துச்சுங்க,” என்றார் மனைவி.

“வெளிநாட்டுத் தோட்டம். அழகா இருக்குதேன்னு போட்டேன்.”

“அதான் ஒரு மாசமா ஒரு போனும் வரல. காலையில அதை எடுத்துட்டு, கோலியனூர் டீச்சர் வீட்ல நீங்க போட்ட புல்தரைப் படத்தை வெச்சுட்டேன்.”

“அதுல ஆடு மேய்ஞ்சிக்கினு இருக்குதே.”

“ஆடே நம்பி மேயுது. ஜனங்க நம்பமாட்டாங்களா?”

கணவரின் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினார்.

“விக்கிரவாண்டிங்களா? நாளைக்குக் காலையில வந்து இடத்தைப் பார்க்கிறேங்க.”

மனைவி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நாளைக்கு எதுக்கு? அடுத்த ஸ்டாப்பு விக்கிரவாண்டிதான்.”

விழுப்புரம் வரை டிக்கெட் வாங்கியிருந்த இருவரும் அங்கேயே இறங்கி வேகமாக நடந்தார்கள்.