ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் போதகர் டென்ட் அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரெனிட்டா அவர்களே, அதிபர் மாளிகையில் அம்மையாரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற தொலைபேசிப் பிரிவு நண்பர்களே, வாயிற்காவல் நண்பர்களே, இந்த வாஷிங்டன் குளிரில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து வந்து சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் க்ளென் ஆஸ்ட்மன். அழைப்பிதழில் 'ஆட்சிப் பொறுப்புக் கழகத்தின் தலைவர்' என்று போட்டிருக்கிறார்கள். அதிபரே ஆனாலும் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன் நான். பேசினால் கைதட்டுவார்கள். எனக்கு இங்கே பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பதினொன்று ஆனால் அம்மையார் குறித்து வைத்துவிடுவார் என்ற பயம் இன்னும் போகவில்லை.

நாட்குறிப்பாளர் வெர்னா ஸ்டாக்டேல் அம்மையார். ஐந்து அதிபர்கள், இருபத்தெட்டு ஆண்டுகள். அதிபர் எத்தனை மணிக்கு அலுவலகம் வந்தார், யாரோடு பேசினார், எத்தனை நிமிடம் பேசினார் என்று நாள்தோறும் தட்டச்சு செய்து வைப்பது அவர் வேலை. இத்தனைக்கும் அவர் எதையும் கண்ணால் பார்த்ததில்லை. சன்னல் இல்லாத நிலவறையில் உட்கார்ந்திருப்பார். தொலைபேசிப் பிரிவிலிருந்து சீட்டு வரும், வாயிலிலிருந்து சீட்டு வரும், மாடிப் பணியாளரிடமிருந்து சீட்டு வரும். சீட்டு வந்தால் எழுதுவார். வராவிட்டால் எழுதமாட்டார். அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார் என்று ரெனிட்டாவைக் கேட்டேன். "எனக்கே சொன்னதில்ல. கேட்டா, ஓட்டுச்சாவடியில திரை எதுக்குத் தொங்க விட்டிருக்காங்கன்னு திருப்பிக் கேப்பாங்க" என்றார்.

ஒருமுறை, போரில் மகனை இழந்த ஒரு தாயுடன் அதிபர் தொலைபேசியில் பேசி ஆறுதல் சொன்னார் என்று செய்தியாளர்களிடம் அறிவித்துவிட்டார்கள். அம்மையார் தொலைபேசிப் பிரிவைக் கேட்டார். சீட்டு இல்லை. அந்த வரியை விட்டுவிட்டார். மாலையில் அதிபரே படியிறங்கி நிலவறைக்கு வந்து கதவோரம் நின்றாராம்.

"என்ன வெர்னா, நான் பேசினது உங்க நாட்குறிப்புல வரலியாமே?"

"நீங்க பேசினா வரும் சார்."

அதிபர் திரும்பி மேலே போனார். 6:40க்கு அந்தத் தாயின் எண்ணுக்கு அழைப்பு, பதினான்கு நிமிடம். சீட்டு வந்தது. நாட்குறிப்பில் ஏறியது. அந்த அதிபர் நல்லவரா, மோசமானவரா? அம்மையார் அதைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை அழைப்பிதழ் அச்சடித்தவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

மேற்கே கோல்டர் அணை உடைந்த நாள், ஏப்ரல் ஒன்பது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ராணுவ ஹெலிகாப்டர்களை அனுப்ப அதிபரின் ஒரு சொல் போதும். மாநில ஆளுநர் அழைத்துக்கொண்டே இருந்தார். பிற்பகல் 1:52லிருந்து 3:39 வரை அதிபர் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம். பள்ளத்தாக்கில் பத்தொன்பது பேர் கூரைகளின் மேல் காத்திருந்து இறந்தார்கள். நான் அப்போது அதிபரின் அலுவலகச் செயலாளர்களில் ஒருவன். 4:25க்கு அம்மையாரை அழைத்தேன்.

"மேடம், ஒன்னு அம்பத்திரண்டுலேர்ந்து மூணு முப்பத்தொம்பது வரைக்கும் 'ஓய்வு'ன்னு போட்டுருங்க. அவருக்குக் காய்ச்சல்."

"சீட்டு எங்க தம்பி?"

"நான்தான் சொல்றேனே."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டு. இப்பவே ஏத்திடறேன்."

"ஒத்த வார்த்தைக்கா இவ்வளவு கறார்?"

"ஒத்த வார்த்தைதானே? எறங்கி வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். படி ஒன்னும் ஒடிஞ்சு கெடக்கல."

நான் இறங்கிப் போகவில்லை. பயமாக இருந்தது. ஒரு சீட்டில் என் பெயரை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் கோடையில் நாடாளுமன்ற விசாரணைக் குழு நாட்குறிப்பைக் கேட்டது. அதிபரின் வழக்கறிஞர்கள் தரமாட்டோம் என்றார்கள். குழுவினர் என்னை அழைத்து, "அந்த நேரத்தைப் பற்றி அதிபர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்கள். நினைவில்லை என்றேன். மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் நினைவில்லை. வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் சொன்னேன். தேர்தலில் அதிபர் தோற்றார், வழக்கு அப்படியே கிடப்பில் போனது, நாட்குறிப்பு ஆவணக் காப்பகத்துக்குப் போனது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பூட்டு. வருகிற ஜனவரியில் திறக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் மருத்துவமனையில் அம்மையாரைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு ஜெல்லியைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் என்ன எழுதினார் என்று அன்றுதான் கேட்டேன்.

"'தகவல் இல்லை'ன்னு போட்டேன். அதுக்குக் கீழ, நாலு இருபத்தஞ்சு, க்ளென் ஆஸ்ட்மன் போன் பண்ணி 'ஓய்வு'ன்னு போடச் சொன்னாரு, சீட்டு வரலன்னு போட்டேன்."

"என் பேரை விட்டிருக்கலாமே மேடம்."

"உங்க பேரை விடறதுக்கு, 'ஓய்வு'ன்னே எழுதிட்டுப் போயிருக்கலாமே தம்பி."

அவர் ஜெல்லியை என் பக்கம் தள்ளினார். "இது நல்லாவே இல்ல, நீங்க சாப்பிடுங்க. ஊர் ஊரா மேடை ஏறிப் பேசறீங்களாம்ல? ஜனவரிக்கு முன்னாடி ஒரு மேடையில இதையும் பேசிருங்க" என்றார்.

நம் குடியாட்சி எதனால் நிற்கிறது? அரசியல் சட்டத்தால் என்று நான் முந்நூறு மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சட்டம் அன்றும் இருந்தது. நாடாளுமன்றம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, சத்தியம் செய்த நானும் இருந்தேன். அந்த ஒரு மணி நாற்பத்தேழு நிமிடத்தை யாரும் பூசி மெழுகாமல் காப்பாற்றியது சன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்த ஒரு பெண்மணி. அவரை அதற்காக யாரும் பாராட்டவில்லை. நான் அவரை வெறுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது வழக்கம். அதற்கு எனக்கு அருகதை இல்லை. அவர் கேட்டது ஒரு சீட்டுதான். அதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இதன் நகல் காலையிலேயே விசாரணைக் குழுவுக்குத் தபாலில் போய்விட்டது. கழகத்தின் தலைவர் யார் என்பதை உறுப்பினர்கள் இனி முடிவு செய்யட்டும். படிக்கிறேன்.

"ஏப்ரல் ஒன்பது, மாலை 4:20. அதிபர் தம் அறையில் என்னிடம் நேரில் சொன்னது: 'ஓய்வுன்னு போடச் சொல்லு.' 4:25க்கு நாட்குறிப்பாளரை அழைத்தேன். அதிபர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்பது நானாகச் சேர்த்தது. க்ளென் ஆஸ்ட்மன்."

கையெழுத்து இருக்கிறது. கொடுத்த நேரத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். ரெனிட்டா, உங்கள் கையில் கட்டியிருப்பது அம்மாவின் கடிகாரம்தானே? மணி என்ன ஆகிறது?

மூன்று பதினொன்று.

நன்றி. எழுதிவிட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள்.