ஐந்தாம் தரத்து ஆட்டக்காரர்

சனிக்கிழமை காலையில் டென்னிஸ் ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொள்வார்கள். கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தெரியாத பந்தை எதிராளிக்கே விட்டுக்கொடுப்பார்கள். தரம் என்று பேச்செடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். எங்கள் லீக்கில் ஒன்று முதல் ஏழு வரை தரம் உண்டு, ஏழுதான் உச்சம். யார் எதில் ஆடுவது என்று முடிவு செய்கிறவன் நான். ஒன்பது வருடமாகச் சம்பளம் வாங்காமல் செய்கிறேன்.

நீங்கள் கேட்கிற ஆள் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுநர். இரண்டு வருடம் ஆடாமல் இருந்துவிட்டு இந்த முறை மூன்றாம் தரத்தில் சேர்ந்தார். முதல் செட்டில் எதிராளியைத் திணறடிப்பார். இரண்டாவதில் ஓடவே மாட்டார். கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றே தோற்பார். தரத்தைக் கீழேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்று தோற்கிறார் எனப் புகார் வந்தது. மொத்தம் இரண்டு புகார். அதில் ஒன்றை எழுதியவன் நான்தான்.

விசாரிக்கக் கூப்பிட்டேன். உடை மாற்றும் அறையின் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

“மாப்ளே, எனக்கு நெஞ்சுல அடைப்பு. ரொம்ப ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வலிச்சா நாக்குக்கு அடியில மாத்திரை வச்சுக்குறேன். வெளிய தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கிடுவாங்க. என்னை மூணுலயே விட்டுடு. தங்கச்சிகிட்டயும் சொல்லிடாதே.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதிப்புத்தகம் திறமையைத்தான் பார்க்கச் சொல்கிறது. அவர் கை ஐந்தாம் தரத்துக் கை. அன்று மாலையே அவரை ஐந்துக்கு ஏற்றினேன். முதல் ஆட்டம் ஒரு நீச்சல் பயிற்சியாளரோடு. அந்த மனிதருக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

மச்சான் போன் செய்தார். “நான் விலகிக்கிறேனே.”

“தாராளமா விலகுங்க மச்சான். மெடிக்கல் சர்டிபிகேட் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். சும்மா வராம இருந்தா, ஏன் வரலைன்னு நானே எழுதி ஒட்ட வேண்டியிருக்கும்.”

“வரேன்” என்றார்.

பதினொரு மணி வெயில். நடுவர் நாற்காலியில் நான். முதல் செட்டை அவர்தான் ஜெயித்தார். தரம் விஷயத்தில் என் கணக்கு தப்பியதில்லை. இரண்டாவது செட்டின் நடுவில் முழங்காலில் கையூன்றி நின்றார். போய்த் தன் பையைத் துழாவினார். பக்கவாட்டு அறை, அடிப்பகுதி, மறுபடி பக்கவாட்டு அறை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த நொடியில் ஓட்டுநர்கள் அப்படிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

“டைம் ஆச்சு” என்றேன்.

இரண்டு சர்வ் போட்டார். மூன்றாவதற்குப் பந்தை மேலே எறிந்தார். அது கீழே வருவதற்குள் அவர் விழுந்திருந்தார்.

நீச்சல் பயிற்சியாளர் ஓடி வந்து நெஞ்சை அழுத்தினார். “மாத்திரை ஏதாவது வச்சிருந்தாரா சார்?”

தெரியாது என்றேன். மாத்திரைக் குப்பி என் கால்சட்டைப் பையில் இருந்தது. ஆட்டத்துக்கு முன் மச்சான் முகம் கழுவப் போனபோது எடுத்தேன். எதிராளி மாத்திரை இல்லாமல் ஆடும்போது இவர் மட்டும் போட்டுக்கொண்டு ஆடுவது நியாயமில்லை.

பயந்துதான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. மச்சானை அடக்கம் செய்த மறுநாள், நேற்று மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில், மச்சானின் பெயர்ச் சீட்டு ஒட்டிய அந்தக் குப்பி இருந்தது. துணி துவைக்கும்போது என் மனைவி எடுத்திருக்கிறாள். நான் கடைசியாகப் பார்த்தபோது அது முக்கால்வாசி நிறைந்திருந்தது. இப்போது காலி. அவள் அழவில்லை. எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடுங்க” என்றாள். என் கை தட்டை விட்டு எழவில்லை.

“போன மாசம் அண்ணன் உங்களை ஆறுக்குப் பூஜ்யம்னு ஜெயிச்சாரே. அதுக்கா?”

அப்படியே எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்பிவிடாதீர்கள். மற்றபடி, அவள் கேட்டதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: அப்படி ஓர் ஆட்டம் நடக்கவே இல்லை. சந்தேகமிருந்தால் லீக் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இருக்காது, நானே அழித்துவிட்டேன்.