லூர்தம்மாளின் ஃப்ரிட்ஜ்

பகலில் தூங்குகிறவனை எழுப்ப ஆவடியில் தபால்காரருக்கு மட்டும்தான் உரிமை உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லோரும் காலையில் ஃபேக்டரிக்குப் போய்விடுவார்கள். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, அம்பத்தூரில் நைட் ஷிப்ட் பார்த்தேன். அதனால் வரிசையின் தபால் முழுக்க என்னிடம் வரும். சாயங்காலம் வீடுவீடாகக் கொடுப்பேன். ஒரு கல்யாணப் பத்திரிகைகூடத் தவறியதில்லை. விசாரித்துக்கொள்ளுங்கள், சார்.

பக்கத்து வீட்டு லூர்தம்மாள் ஃபேக்டரி கேன்டீனில் வேலை செய்தார். கணவர் இல்லை. ஒரே மகன் டேவிட், கப்பலில் சமையல்காரர். தொண்ணூறில் சிங்கப்பூரிலிருந்து சிங்கத்தலை மீன் காந்தம் ஒன்றைக் கடிதத்தோடு அனுப்பினார். மழைக்கு ஒதுங்கிய கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சப்பட்டு வாங்கியதாம். லூர்தம்மாள் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு அந்தக் கதையை ஒரு வாரம் சொன்னார். நல்ல கதைதான். ஆனால் கதையை நான் முதல் ஆளாகக் கேட்க வேண்டும்.

அடுத்த உறையை நானே பிரித்தேன். எகிப்து ஒட்டகம். அதை விற்றவன் டேவிட்டின் கைக்கடிகாரத்தையும் கழற்றிக்கொண்டானாம். கப்பல் மாறிவிட்டது என்று புது முகவரியும் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒட்டகத்தை என் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கடிதத்தை மட்டும் கொடுத்தால் ஒட்டகம் எங்கே என்று கேட்பார். அதனால் கடிதத்தையும் வைத்துக்கொண்டேன்.

ஆறு வருடத்தில் பதினொன்று சேர்ந்தன. பழைய முகவரிக்கு லூர்தம்மாள் எழுதியவை திரும்பி வந்தன. அவையும் என் கைக்குத்தான் வந்தன. தினமும் சாயங்காலம் வாசலில் நிற்பார்.

“இன்னா நைனா, எனக்கு எதுனா வந்துதா?”

“இல்லக்கா. கப்பல்ல இன்னா வேலயோ.”

முகம் வாடிவிடும். டேவிட் எகிப்துக்குப் போயிருப்பார், ஒட்டகக்காரனிடம் வாட்ச்சைக் கோட்டை விட்டிருப்பார் என்று கற்பனைபோல எடுத்துவிடுவேன். சிரிப்பார். “அவன மாரியே சொல்றே நைனா” என்பார்.

கடைசியாக வந்தது கிரீஸ் காற்றாலை. “இத்தினி லெட்டர் போட்டும் பதில் இல்லம்மா. நான் கல்யாணம் கட்டிக்கினது உனக்குப் புடிக்கல போல. இனிமே எழுதல” என்றிருந்தது. காற்றாலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

லூர்தம்மாள் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, குமணன்சாவடியில் தங்கை வீட்டோடு போனார். அங்கே இடமில்லை என்று ஃப்ரிட்ஜை எனக்கே கொடுத்தார். “பெத்த புள்ள மறந்துட்சி. நீதான் எனக்குப் புள்ள. வச்சிக்கோ.” சிங்கத்தலை மீன் அதிலேயே இருந்தது. பீரோவிலிருந்த பதினொன்றையும் அதன் பக்கத்தில் ஒட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார்.

போன வாரம் டேவிட் அம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார். ஃப்ரிட்ஜின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒவ்வொன்றின் கதையையும் நான்தான் சொன்னேன். இரண்டை அவரே மறந்திருந்தார்.

“எங்கம்மா இதுல எத்தினிய பாத்துச்சி?”

“ஒண்ணு” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

டேவிட் கொடுத்த புகாரில் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டும் அந்த அம்மாளின் ஃப்ரிட்ஜில்தான் இருக்கின்றன, சார். டேவிட் அனுப்பியதும் அங்கேதானே?