தொப்புள் மட்டத்தில் ஓர் ஒளிவளையம்

தோலைத் தொடாமல் இடுப்பை அளந்தவரே! மூடிய உடலுக்குள் உள்ளதெல்லாம் கண்டும் ஒருவரையும் கூச வைக்காத கண்ணுடையவரே! எங்கள் ஸ்கேன் அறையிலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் விஜயலட்சுமி அம்மா, வணக்கம்!

மண்ணைக் குடைந்து கரி எடுக்கும் நெய்வேலியில், மனிதரைக் குடையாமலே உள்ளே பார்க்கும் உங்கள் வேலையை இருபத்தாறு ஆண்டுகளாக வியந்து நிற்கிறோம். தொப்புள் மட்டத்தில் உடலைக் குறுக்கே அரிந்தாற்போல் ஒரு படம் திரையில் எழும். அதன் தோல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுப்பீர்கள். கோடு வளையமாய்க் கூடியதும் இடுப்பளவு தெரியும். பிராகாரம் சுற்றுவதுபோல் எத்தனை பொறுமை!

உங்கள் சிறப்பைச் சொல்ல அய்யனார் அண்ணன் கதை ஒன்றே போதும். மனைவி தனத்தோடு முன்வரிசையில் இருக்கிறார். இருவர் சம்மதத்தோடும்தான் சொல்கிறோம்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டும் அய்யனார், தனத்துக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். தொப்பை குறைந்தால்தான் அறுவை என்ற புதுச்சேரி மருத்துவர், எம்ஆர்ஐ எடுத்து இடுப்பளவை அனுப்பச் சொன்னார். வருடாந்தர மெடிக்கலில் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்குவது சுரங்கத்தார் வழக்கம். அந்தப் பழக்கத்தில் அண்ணன் இயந்திரத்துக்குள்ளும் எக்கினார். அளவு சரியாக வந்ததும் நாங்கள் கைதட்டப் போனோம். நீங்களோ திரையில் விலாவுக்குக் கீழே குழிந்து கிடந்த வயிற்றையே பார்த்தீர்கள். உள்ளே போய்க் கட்டிலை வெளியே இழுத்தீர்கள்.

"அண்ணே, வயித்த விடுங்க."

"விட்டுட்டுத்தாங்க படுத்துகினு இருக்கேன்."

வாசலில் நின்ற தனம் விடவில்லை. "வருசா வருசம் டேப்ப ஏமாத்தினது பத்தாதா, மிசினையுமா? வூட்டுல லுங்கி நிக்காத வயிறு இங்க வந்து எங்க போச்சாம்?"

அய்யனாருக்குச் சிரிப்பு வரவில்லை. டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிய தனத்தின் கைதான் கண்ணில் நின்றது.

"உள்ளதக் காட்டினா வேணாம்னுடுவாங்க. அப்புறம் இவ என்னங்க ஆவா?"

"பொய் அளவ நம்பிக் கத்தி வச்சா நீங்க என்ன ஆவீங்க? இவங்களுக்கு வேற யாரு இருக்கா?"

 அண்ணன் மெல்ல மூச்சை விட்டார். வயிறு எழுந்தது.

உண்மை அளவு கூடுதலாகவே இருந்தது. அதை அப்படியே அனுப்பினீர்கள், அறுவை தள்ளிப்போனது. ஷிப்ட் முடிந்து டவுன்ஷிப் தெருக்களில் பிளாக் பிளாக்காக அண்ணன் நடந்தார். தனம் சோற்றைக் குறைத்துத் திட்டைக் கூட்டிப் போட்டார். மழைக்காலம் கழிந்து வந்தவர், எக்காமல் படுத்தார். பழைய வளையத்துக்குள் புதிய வளையம் நழுவி அடங்கியபோது அறையே கைதட்டியது! ஆளுக்கொரு சிறுநீரகத்தோடு இருவரும் இதோ எதிரில் இருக்கிறார்கள்.

அம்மா! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க! "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்ற உங்கள் குரலுக்கே பழகிய நாங்கள், காலையிலிருந்து பிடித்தபடியே நிற்கிறோம். படியிறங்கும் முன் ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள்: "விடுங்க."

அன்பில் அளவு பாராத
ஸ்கேன் பிரிவுப் பணியாளர்கள்,
நெய்வேலி