ராணியைக் கேட்டுத்தான் கீறினார்களாம்

"என்ரை கழுத்தை எங்கையடி வைச்சனீ?"

ரொம்சோஸ் நிலையத்தில் ரயில் ஏறிய தாயும் மகளும் எனக்கு எதிரே இருந்தார்கள். மகளின் மடியில், தாயை அவள் வரைந்த ஓவியம். அதை மூடியிருந்த துணியை அப்போதுதான் விலக்கினாள்.

"கழுத்தை மூடி நிக்கிறது அகலமான மடிப்புக் கழுத்துப்பட்டி, அம்மா. நானூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்து அரண்மனையிலை இப்பிடித்தான் போட்டவை. அந்த ராணி மாதிரி உங்களைக் கீறியிருக்கிறன்."

"தட்டிலை வைச்ச தலை மாதிரி இருக்கு. தாலிக்கொடியையும் காணேல்லை. அவவின்ரை முகத்திலையும் இவ்வளவு சுருக்கமோ?"

"இல்லை. வயது போன பிறகும் இளம் முகத்தோடைதான் கீறினவை. வடிவில்லாத படங்களை அழிக்கச் சொன்னவையாம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

"நான் உண்மையைக் கீறினனான்."

"எனக்குச் சொல்லாமல் ஃபோட்டோவைப் பாத்துக் கீறிப்போட்டு, உண்மையோ? நாளைக்குக் கண்காட்சிக்குத் தெரிஞ்ச சனமெல்லாம் வரும்."

"ஐயோ அம்மா, இது கலை!"

"அந்த ராணியைக் கேட்டவையோ, இல்லையோ?"

மகள் யன்னலைப் பார்த்தாள். "கேட்டவைதான். அவ ஓமெண்டாத்தான் படம் வெளியிலை போகும்."

"பிறகென்ன?"

மகள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"சரி, இப்ப கேக்கிறன். தொங்கவிடட்டோ?"

"வேண்டாம்."

மகள் கைபேசியை எடுத்து, கண்காட்சிக்கு ஒரு படம் வராது என்று நோர்வீஜிய மொழியில் யாரிடமோ சொன்னாள். அடுத்த நிலையத்தில் இருவரும் இறங்கினார்கள். வீட்டுப் பக்கம் போகும் ரயிலுக்காக எதிர் மேடைக்கு நடந்தபோது, ஓவியத்தின் ஒரு பக்கத்தைத் தாய் பிடித்திருந்தார்.